ஒரு "டிக்" சத்தம்: பழைய உழவு இயந்திரம் ஒன்றின் வயர்களுக்குள் கிடந்த வரலாறு

நாங்கள் போனது இடப்பெயர்வு பற்றிக் கேட்க. வாய்மொழி வரலாறு பாடத்துக்கு ஒரு ஒப்படை. ஒரு குடும்பம் எங்கிருந்து எங்கே போனது என்பதை வரைபடத்தில் குறித்து, அவர்கள் சொன்னதைப் பதிவுசெய்து, எழுதிக் கொடுக்கவேணும். எங்கள் நாலு பேரில் ஒருவனின் பெரியப்பா பரந்தனுக்குக் கிழக்கே முரசுமோட்டைப் பக்கம் வயல் செய்கிறார். ஒக்ரோபர் கடைசி. முதல் மழை விழுந்து மண் பதமாய் இருந்த கிழமை. நாங்கள் போய் இறங்கேக்க அவர் மாமரத்துக்குக் கீழே, தன்னுடைய மசி பேர்குசன் 135க்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தார். திறப்பைத் திருப்பினால் "டிக்" எண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"நீங்கள் கேக்கிறதைப் பிறகு கேளுங்கோ பிள்ளையள். முதல்ல இதைப் பாப்பம்" எண்டார்.

காலபோகம் செய்கிற ஆக்களுக்கு அந்தக் கிழமை எப்பிடிப்பட்டது என்பது எங்களில் ரெண்டு பேருக்குத் தெரியாது. மழை அடைச்சுப் பெய்யத் தொடங்கினால் புழுதி விதைப்புக்கு இடமில்லை. பிறகு சேறடித்துத்தான் விதைக்கவேணும், செலவு கூட, நாளும் பிந்தும். கூலிக்கு வேறு மெசின் பிடிக்கலாம்தான், ஆனால் அந்தக் கிழமை ஊரில் எல்லாருக்கும் அதே மெசின்தான் தேவை. ஆக, ரெக்கோடரைப் பையை விட்டு எடுக்காமல் நாங்களும் குந்தினோம். பிறகு யோசித்து, ரெக்கோடரை எடுத்துப் போட்டுவிட்டோம். எங்களிடம் இப்போது இருக்கிற ஐந்து மணித்தியாலப் பதிவில் பாதிக்கு மேல் பற்றறி, கேபிள், சுவிச் பற்றியது. இந்தக் கட்டுரை அந்தப் பாதியிலிருந்து வருகிறது.

முதலில் இந்த மெசின் எப்பிடி ஸ்ராட் ஆகவேணும் என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஆரம்ப கால இயந்திரங்கள் கைபிடியால் சுழற்றித்தான் இயக்கப்பட்டன. இயந்திரம் திருப்பி உதைத்தால் சுழற்றுகிறவரின் கை முறியும். 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் சார்ள்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின் ஸ்ராட்டர் வந்தது. உழவு இயந்திரங்களுக்கு அது பொதுவான விசயமாக வர இன்னும் பல வருசம் பிடித்தது. அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்த ஹரி பேர்குசனின் ரீஈ20 இயந்திரம் 1946 முதல் இங்கிலாந்தின் கொவென்றி நகரில் உற்பத்தியானது. பத்து வருசத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதில் எங்களுக்குப் பிடித்த ஒரு விசயம், ஸ்ராட் பண்ணத் தனி பொத்தான் கிடையாது. கியர் தடியையே "எஸ்" எண்டு எழுதியிருக்கிற இடத்துக்குத் தள்ளவேணும். அதாவது கியரில் நிற்கும்போது அந்த மெசினை ஸ்ராட் பண்ணவே ஏலாது. தடி ஒண்டுதானே, ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் நிற்கும்.

பேர்குசனின் நிறுவனம் 1953இல் கனடாவின் மசி ஹரிசுடன் இணைந்தது. 1958இல் பெயர் மசி பேர்குசன் ஆனது. 135 ரகம் 1964 கடைசியில் அறிமுகமானது. பேர்க்கின்ஸின் மூன்று சிலிண்டர் டீசல் இயந்திரம், ஏறக்குறைய 2.5 லீற்றர். அதில் திறப்பு வந்துவிட்டது, ஆனால் பழைய யோசனை போகவில்லை. உயர் வீச்சு, தாழ் வீச்சு மாற்றுகிற தடி நடுவில் நின்றால் மட்டுமே ஸ்ராட்டருக்கு மின் போகும். கியர்பெட்டியில் இருக்கிற ஒரு சின்னச் சுவிச் அதைப் பார்த்துக்கொள்ளும். இந்தச் சுவிச்சுக்குத் திரும்பி வருவோம்.

திறப்பில் இன்னொரு நிலையும் உண்டு, காற்றுக் குழாயைச் சூடாக்க. இங்கிலாந்தின் பனிக்கால விடியலில் டீசல் பற்றிக்கொள்ளாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. முரசுமோட்டையில் அதற்கு என்ன வேலை? "அந்த வயர் எப்பவோ வேற வேலைக்குப் போட்டுது" எண்டார் பெரியப்பா.

முக்கியமான விசயம், இந்த இயந்திரத்துக்கு மின்சாரம் தேவைப்படுவது ஸ்ராட் பண்ணுகிற அந்தச் சில விநாடிக்கு மட்டும்தான். பெற்றோல் இயந்திரத்தைப் போல ஒவ்வொரு அடிக்கும் பொறி வேண்டாம். டீசலை அமுக்கத்தின் சூட்டிலேயே எரிக்கும், எரிபொருள் பம்பும் பல்சக்கரத்தால் ஓடுவது. ஓடத் தொடங்கினபிறகு பற்றறியைக் கழற்றிக்கொண்டு போனாலும் பொழுதுபடும்வரை உழும். நிற்பாட்டுவதற்கும் திறப்பு உதவாது, ஒரு குமிழை வெளியே இழுக்கவேணும். பின்னால் நாங்கள் சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு குணத்திலிருந்துதான் வருகிறது.

பெரியப்பாவின் அப்பா இந்த மெசினை 1970களின் நடுவில் இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்தை எங்கள் பாடப்புத்தகங்கள் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம் எண்டு ஒரு பந்தியில் சொல்லும். 1970இலிருந்து 1977வரை. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது என்பதை எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அதே கட்டுப்பாட்டால் அவர்களின் மெசினுக்கு உதிரிப்பாகம் கிடைக்காமல் போனதை யாரும் பெரிதாக எழுதவில்லை. ஸ்ராட்டர் மோட்டருக்குள் இருக்கிற காபன் துண்டு தேய்ந்தால் பழைய டோர்ச் பற்றறிக்குள் இருக்கிற காபன் கூரை எடுத்து அரத்தால் ராவிப் போட்டுப் பார்த்தார்களாம். "ஒரு போகத்துக்கும் தாங்காது. ஆனா அந்த நாள் ஓடிச்சுது."

இனி அன்றைக்கு நடந்தது.

பெரியப்பா முதலில் செய்யச் சொன்னது: "லைற்றைப் போட்டிட்டுத் திறப்பைத் திருப்பு." இது பழைய மெக்கானிக்மாரின் முதல் சோதனை. லைற் மாறாமல் எரிய, மெசினில் சத்தமே இல்லை என்றால், மின் ஸ்ராட்டர் பக்கம் போகவே இல்லை. திறப்பு, கியர்பெட்டிச் சுவிச், இடையிலுள்ள மெல்லிய வயர், இவற்றில் தேடவேணும். லைற் அப்படியே எரிய "டிக்" மட்டும் கேட்டால் சொலினொயிட்டின் உள்முனைகள் கருகியிருக்கலாம். மோட்டர் தனியே சுத்தி இயந்திரம் அசையாவிட்டால் பல்லுக் கொழுவவில்லை, அது மின்கோளாறே இல்லை. லைற் மங்கி அணையப் பார்த்தால் பற்றறி இறங்கிவிட்டது, அல்லது எங்கேயோ ஒரு பெரிய மூட்டு பழுது.

எங்களுக்கு லைற் மங்கி, சிவந்து, கிட்டத்தட்ட அணைந்தே போனது. "பற்றறிதான்" எண்டான் எங்கள் நண்பன். கிளிநொச்சிக்குப் போய்ப் புதுசு எடுப்பம் எண்டு மோட்டார் சைக்கிளையும் எடுத்துவிட்டான். பெரியப்பா விடவில்லை. பக்கத்து வீட்டு மெசினின் பற்றறியை இரவல் வாங்கி மாட்டச் சொன்னார். மாட்டினோம். அதே "டிக்". லைற்றும் அதே மாதிரி.

ஒரு பற்றறியை வாங்க முதல் மூன்று தரம் யோசிக்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது எண்டு கேட்டபோதுதான் பதிவு உண்மையில் தொடங்கியது.

1990 யூனில் இரண்டாம் கட்டப் போர் தொடங்கினதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. எரிபொருள், உரம், சீமெந்து, டோர்ச் பற்றறி எண்டு பட்டியல் நீளம். சைக்கிள் டைனமோவைச் சுத்தி வானொலி கேட்ட கதையை எங்கள் வீடுகளில் எல்லாரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். வன்னியின் பெரும்பகுதிக்குப் போர் முடியும்வரை தேசிய மின்வலையமைப்பிலிருந்து மின்சாரமும் இல்லை. அப்படியான இடத்தில் உழவு இயந்திரத்தின் பற்றறி என்பது வீட்டில் இருக்கிற ஒரே மின்சாரம். பின்னேரம் அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோவார்கள். தமிழோசை கேட்க, செத்த வீட்டுக்கு ஒரு லைற் போட, பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு ஒரு சின்ன பல்ப் எரிக்க. விடிய மெசினில் கொண்டுபோய் மாட்டினால் இயந்திரத்தைச் சுழற்ற அதில் சக்தி இருக்காது.

அப்போது செய்வதற்கு ரெண்டு வழி. ஒன்று, ஒரு தரம் எப்படியாவது ஸ்ராட் பண்ணிவிட்டுப் பொழுதுபடும்வரை நிற்பாட்டாமல் விடுவது. சாப்பிடப் போகும்போதும் சும்மா ஓடிக்கொண்டு நிற்கும். ஆனால் டீசலும் தடைப் பொருள். ஒரு போத்தலுக்கு என்ன விலை கொடுத்தோம் எண்டு பெரியப்பா சொல்ல மறுத்துவிட்டார், "சொன்னா நம்பமாட்டியள்" எண்டு. மற்றது, மேடு தேடுவது. வன்னி தட்டையான நிலம். மேடு எண்டால் குளக்கட்டு, வாய்க்கால் கட்டு, மதகடி. பின்னேரம் மெசினை வாய்க்கால் கட்டில் முகம் கீழே பார்க்க ஏற்றி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு வருவார்கள். விடிய கல்லை எடுத்து, உருட்டி, உயர்ந்த கியரில் கிளச்சை விட்டால் இயந்திரம் பிடித்துக்கொள்ளும். பற்றறி வேண்டாம். அந்தக் கட்டில் நாலைந்து வீட்டுக்காரரின் மெசின் வரிசையாய் நின்றதாம், யாருடையது முதலில் இறங்கவேணும் எண்டு சண்டையும் வந்ததாம். மழையில் கட்டு கரைகிறது எண்டு மற்றவர்கள் ஏசினதும் உண்டு.

பற்றறியா டீசலா எண்டு ஒவ்வொரு மத்தியானமும் ஒருவர் முடிவெடுக்கவேண்டியிருந்தது. தடை பற்றி நாங்கள் வாசித்த எதிலும் இப்படி ஒரு மத்தியானம் இல்லை. உணவு, மருந்து, மண்ணெண்ணெய் பற்றி நிறைய இருக்கிறது, அது நியாயம்தான். ஆனால் அந்த உணவில் ஒரு பகுதியை விளைவித்தவர்கள் என்ன செய்து விளைவித்தார்கள் என்பதை இனிமேல்தான் கேட்டு எழுதவேணும். அதைச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது வயது.

பற்றறிக்குக் காய்ச்சி வடித்த தண்ணி கிடைக்காத நாளில் வெட்டையில் சட்டி வைத்து மழைத்தண்ணி பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். முதல் மழையில் பிடிக்கக் கூடாதாம், தூசி இருக்கும். கிணற்றுத் தண்ணியிலுள்ள உப்பு பற்றறித் தட்டைத் தின்றுவிடும். எங்களில் இரசாயனம் படித்தவர் யாரும் இல்லை, ஆனால் இது சரி என்பதைப் பிறகு கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டோம்.

மத்தியானம் கடந்து, கேபிள் வழியே தேடிக்கொண்டு போகேக்கதான் அந்த மூட்டு கண்ணில் பட்டது. கியர்பெட்டிச் சுவிச்சுக்குப் போகவேண்டிய ரெண்டு வயரும் வெட்டப்பட்டு, ஒன்றோடு ஒன்று முறுக்கி, ரேப் சுத்தியிருந்தது. ரேப் காய்ந்து கருங்கல்லு மாதிரி. சுவிச் வெறுமனே அங்கே இருக்கிறது, எதோடும் தொடர்பு இல்லை. எந்தக் கியரில் நின்றாலும் திறப்பைத் திருப்பினால் மெசின் ஸ்ராட் ஆகும்.

"அது 93, 94இல. சுவிச் பழுதாப் போச்சுது. புதுசுக்கு எங்க போறது?" எண்டார் பெரியப்பா. அந்த வருசம் அது சரியான முடிவுதான், வேறு வழி இருக்கவில்லை. 2002 சனவரியில் தடையின் பெரும்பகுதி நீங்கியது, ஏ9 வீதி திறந்தது, கிளிநொச்சியில் உதிரிப்பாகக் கடைகள் வந்தன. மூட்டு அப்படியே இருந்தது. பழகிவிட்டது.

இதில் என்ன பெரிய விசயம் எண்டு கேட்பவர்களுக்கு: திறப்பு பழுதாகும் நாளில் மெசினுக்குப் பக்கத்தில், பின்சில்லுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஸ்குரூ ட்ரைவரை ஸ்ராட்டரின் ரெண்டு முனைக்கும் குறுக்கே வைத்து ஸ்ராட் பண்ணுகிற வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. மெசின் கியரில் நின்றால், இயந்திரம் பிடித்த அதே கணம் பின்சில்லு உருளும். டீசல் இயந்திரம், தானாக நிற்காது. நிற்கிற ஆள் சில்லுக்கும் மண்ணுக்கும் இடையில். உலகம் முழுக்க உழவு இயந்திர விபத்துகளில் இது நன்றாகத் தெரிந்த ஒரு வகை. பேர்குசன் கியர் தடியில் "எஸ்" எழுதினது சும்மா இல்லை. தடையால் எங்கள் ஊர் மெசின்களில் வெட்டுப்பட்ட வயர்களில் இது ஒன்று. இதைப் போரின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. பெரியப்பா ஒரு பெயர் சொன்னார். கட்டையாய், உயரமாய் வரம்பு கட்டுகிற ஆள் எண்டார். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை.

பின்னேரம் எங்களில் ஒருத்தியின் அண்ணா மல்ரிமீற்றரோடு வந்து சேர்ந்தார். பற்றறியின் ரெண்டு முனையிலும் 12.6 வோல்ற்று. திறப்பைத் திருப்பினபோதும் 12க்குக் கீழே பெரிதாய் இறங்கவில்லை. அப்படியென்றால் பற்றறி நல்லது, அதிலிருந்து மின் போகவே இடமில்லை. பிறகு மீற்றரின் ஒரு காலைப் பற்றறியின் கழித்தல் முனையிலும் மற்றதை இயந்திரத்தின் வெறும் இரும்பிலும் வைத்துத் திருப்பினோம். ரெண்டும் ஒன்றோடு ஒன்று இணைந்திருப்பதால் அங்கே அரை வோல்ற்றுக்கு மேல் காட்டக்கூடாது. 9 காட்டியது.

ஸ்ராட்டர் நூற்றுக்கணக்கான அம்பியர் இழுக்கும். 0.01 ஓம் தடை இருந்தாலே 200 அம்பியரில் 2 வோல்ற்று அங்கேயே போய்விடும். கண்ணுக்கு நல்லாய்த் தெரிகிற மூட்டு இந்தக் கணக்கில் தோற்றுவிடும். பெரியப்பா மீற்றரைப் பார்க்கவில்லை. ரெண்டு மூன்று தரம் திருப்பச் சொல்லிவிட்டு மூட்டுகளைக் கையால் தொட்டுக்கொண்டு போனார். ஏர்த் கேபிள் உடம்பில் பூட்டின இடத்தில் கையை இழுத்தார். "இஞ்ச சுடுது." மீற்றர் சொன்ன அதே இடம்.

அந்த நட்டைக் கழற்றினபோது கீழே சிவப்புப் பெயின்ற். தடிப்பாய், பளபளப்பாய். அதன் மேல்தான் கேபிள் பூட்டியிருந்தது. நட்டின் புரி வழியாக இத்தனை வருசம் கொஞ்சம் மின் கடந்திருக்கிறது. இந்த மழையில் புரியும் துருப்பிடித்துவிட்டது.

பெயின்ற் எப்போது அடித்தது எண்டு கேட்டோம். கொஞ்ச நேரம் பேசவில்லை.

1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போனபோது இந்த மெசின் முதல் தடவை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டது. இரண்டாம் தடவை 2008 கடைசி. கூரைத் தகரம், கதவு, நெல்லு மூட்டை, அம்மம்மா எல்லாம் பெட்டியில். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, பிறகு கடற்கரைப் பக்கம். ஒவ்வொரு இடத்திலும் இரவில் ஒரு சத்தத்தில் ஸ்ராட் ஆகவேணும். திறப்பைத் திருப்பி அது பிடிக்காவிட்டால் என்ன செய்வது எண்டதுதான் தன்னுடைய பயம் எண்டார், ஷெல் அல்ல. 2009 மேயில் அதை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு நடந்தார்கள். மெனிக் பாம் முகாமிலிருந்து வந்து, பிறகு ஒரு நாள், குவித்து வைத்திருந்த வாகனங்களுக்குள் இயந்திர இலக்கத்தை வைத்துத் தேடி எடுத்தார். பற்றறி இல்லை, ஸ்ராட்டர் இல்லை, டைனமோ இல்லை, வயர் ஒரு முழம்கூட இல்லை. கியர்பெட்டிப் பக்கம் முறுக்கின அந்தத் துண்டு மட்டும் மிச்சம். டைனமோவுக்குப் பதிலாக ஏதோ பழைய வானின் ஒல்டனேற்றர் போட்டார்கள். முழுக்கத் துருவும் சூட்டுக் காயமும். ஒரு பெயின்ற்காரரைப் பிடித்துத் துளையெல்லாம் அடைத்து, உடம்பு முழுக்கச் சிவப்பு அடிப்பித்தார். "கண்கொண்டு பாக்கேலாமல் இருந்துது. அதுதான்." அந்தப் பெயின்றுக்கு மேலேதான் ஏர்த் கேபிளைப் பூட்டினார்கள்.

இதுதான் எங்கள் ஒப்படைக்கு வேண்டிய பகுதி. மொத்தம் பதினொரு நிமிசம். அதற்குமேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பெயின்றைச் சுரண்டி, மண்தாள் போட்டு, இரும்பு வெள்ளையாய்த் தெரியும்வரை தேய்த்தோம். கேபிள் முனையையும் தேய்த்து, புது நட்டுப் போட்டு இறுக்கி, மேலே கிறீஸ் பூசினோம். லைற்றைப் போட்டுத் திறப்பைத் திருப்பினான் நண்பன். லைற் கொஞ்சம் மங்கியது, ஸ்ராட்டர் ஒரு சுத்துச் சுத்தியது, பிடித்துக்கொண்டது. பெரியப்பா குமிழை இழுத்து நிற்பாட்டினார். திரும்ப ஸ்ராட் பண்ணச் சொன்னார். திரும்ப நிற்பாட்டினார். மூன்று தரம். பிறகுதான் சிரித்தார்.

ஆனால் அடுத்த நாள் மெசினில் ஏறப்போகிறவன் எங்கள் நண்பன். அவன் அந்த முறுக்கின மூட்டை விட்டுவிட்டு உழமாட்டேன் எண்டான். "முப்பது வருசம் நான் ஓடேல்லையே?" எண்டார் பெரியப்பா. "நீங்கள் ஓடினியள். எனக்கு இதின்ர குணம் தெரியாது பெரியப்பா" எண்டான். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் கோவமாய் இருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு அவரே அவனைக் கூப்பிட்டு, விடியக் கிளிநொச்சிக்குப் போய் என்ன சாமான் கேட்கவேணும் எண்டு சொல்லிக்கொடுத்தார். இந்தியாவில் செய்த சுவிச் ஒன்று கிடைத்தது. சென்னையில் 1960இல் மசி பேர்குசனோடு சேர்ந்து தொடங்கப்பட்ட உழவு இயந்திர நிறுவனமான ராபேயால் இந்தக் குடும்பத்து மெசின்களுக்கு இன்னும் சாமான் கிடைக்கிறது. புரி சரியாய் இருந்தது, வயரின் முனைதான் மாற்றவேண்டி வந்தது.

பூட்டினபிறகு தடியைத் தாழ் வீச்சில் போட்டுத் திறப்பைத் திருப்பினோம். ஒரு சத்தமும் இல்லை. தடியை நடுவுக்கு எடுத்துத் திருப்பினோம், பிடித்தது. வெட்டின அந்த வயர்த் துண்டைப் பெரியப்பா எறியவில்லை, சுத்திச் சாமான் பெட்டிக்குள் போட்டார். பத்து மணிபோல நண்பன் வயலுக்கு இறக்கினான். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது, ஆனால் அன்று பின்னேரம்வரை பெய்யவில்லை. மூன்று ஏக்கர் முடிந்தது.